குதிரைகள் கடித்த தூண்கள்

லாயமாகிப் பாழடைந்த நானூறு ஆண்டுத் தோட்டம் ஒன்று சீனாவின் சூஜோ நகரில் சில மாதங்களிலேயே மீண்டும் எழுந்தது. எழுந்து நிற்பது பழைய தோட்டம்தானா?

சூஜோ நகரின் லியூ யுவான் தோட்டத்தில் ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. ஐந்து சிகரச் சித்தர் மண்டபம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சாவை வென்று மலையில் வாழ்பவர்களைக் குறிக்கும் சீனச் சொல்லுக்குச் சித்தரைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடையாது. மண்டபத்தின் தூண்கள் நான்மு என்கிற மரத்தால் ஆனவை. பூச்சி அரிக்காத, வாசனை உள்ள, அரண்மனைகளுக்கென்று தேடி வெட்டப்பட்ட மரம் அது. 1940களில் இந்த மண்டபம் ராணுவக் குதிரைகளின் லாயமாக இருந்தது. தூண்களில் கட்டப்பட்ட குதிரைகள் அந்த விலையுயர்ந்த மரத்தைக் கடித்துக் கடித்தே, நடுவில் குறுகி மேலும் கீழும் பருத்த சுரைக்குடுவை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டன.

இதில் வரலாற்றின் குறும்பு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 1593-ம் ஆண்டு வாக்கில் இந்த இடத்தில் முதன்முதலாகத் தோட்டம் போட்ட ஷூ தாய்ஷி, மிங் அரசில் உயர் அதிகாரி. பதவி போய் ஊர் திரும்பியவர். அவர் பார்த்த உத்தியோகம், பேரரசரின் குதிரைகளை நிர்வகிக்கும் இலாகாவில் துணைத் தலைவர்!

இன்று அந்த மண்டபத்தில் நிற்பவருக்குக் குதிரைகளின் சுவடு எதுவும் தெரியாது. தரை பளபளக்கிறது. ஜன்னல்களின் மரவேலையில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. 1997-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நான்கு சூஜோ தோட்டங்களில் லியூ யுவானும் ஒன்று. நடுவில் நடந்தது என்ன? அதைவிட முக்கியமான கேள்வி: பாழான ஒரு தோட்டத்தைச் சீர்செய்யும்போது எதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்?

ஒலி ஒன்று, எழுத்து வேறு

ஷாங்காய்க்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில், அதிவேக ரயிலில் அரை மணி நேரத்தில் வருகிறது சூஜோ. கி.மு. 514-ல் அமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நகரம். கால்வாய்கள், பட்டு, அரிசி ஆகியவற்றால் செழித்தது. பேரரசின் தேர்வுகளில் வென்று பதவிக்குப் போனவர்கள், பதவி போன பிறகு வந்து ஒதுங்க விரும்பிய ஊர். கையில் பணம், மனதில் கசப்பு, வீட்டில் நூலகம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் தோட்டம் முளைத்தது. சூஜோவின் மிகப் பெரிய தோட்டமான ஜோஜெங் யுவானின் பெயரே 'நிர்வாகம் தெரியாதவனின் தோட்டம்' என்ற பொருளில், பதவியை விட்டு வந்த ஓர் அதிகாரி தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு வைத்த பெயர்.

'தோட்டம்' என்ற சொல்லே மொழிபெயர்ப்பவனைச் சங்கடப்படுத்துகிறது. நம் காதில் அது கத்திரிச் செடியையும் தென்னையையும் கொண்டுவருகிறது. பூங்கா என்றால் புல்வெளியும் சிமெண்ட் பெஞ்சும். நந்தவனம் என்றால் சாமிக்குப் பூ. சீன 'யுவான்' இவற்றில் எதுவுமில்லை. அது உயர்ந்த சுவருக்குள் அடைபட்ட ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு மலை, ஒரு குளம், மண்டபங்கள், தாழ்வாரங்கள், தனித்து நிற்கும் பாறைகள், சுவரில் பதித்த கையெழுத்துக் கலை. செடிகொடிகள் இவற்றுக்கு இடையேதான் வருகின்றன. புல்வெளி அறவே கிடையாது.

லியூ யுவானின் மொத்தப் பரப்பு சுமார் 2.3 ஹெக்டேர், அதாவது ஆறு ஏக்கருக்கும் குறைவு. இந்தச் சிறிய இடம் கைமாறிய கதை ஒரு நாவலுக்குக் காணும். ஷூ தாய்ஷியின் குடும்பத்துக்குப் பிறகு சிதைந்துகிடந்ததை 1794-ல் வாங்கியவர் லியூ ஷூ என்ற ஓய்வுபெற்ற அதிகாரி. இவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பாறை, மற்றது கையெழுத்துக் கலை. பன்னிரண்டு அபூர்வப் பாறைகளைத் தேடிச் சேர்த்தார். புகழ்பெற்ற கையெழுத்துகளைக் கல்லில் வெட்டித் தாழ்வாரச் சுவர்களில் பதித்தார். தோட்டத்துக்கு 'குளிர்பச்சை மலைமனை' என்ற பொருளில் கவித்துவமாக ஒரு பெயரும் வைத்தார். 1823-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் கூட்டம் குவிந்தது. ஆனால் ஊர் அந்தக் கவித்துவத்தைக் கண்டுகொள்ளவில்லை. லியூ வீட்டுத் தோட்டம், லியூ யுவான் என்றே சொன்னது.

1860-ல் தாய்பிங் கலகத்தின்போது சூஜோவின் மேற்கு வாசலுக்கு வெளியே கடைத்தெருக்கள் எரிந்து சாம்பலாயின. லியூ யுவான் மட்டும் எப்படியோ தப்பியது. 1873-ல் அதை வாங்கிய ஷெங் காங் என்ற அதிகாரி மூன்று ஆண்டுகளில் செப்பனிட்டு முடித்தார். பெயர் விஷயத்தில்தான் அவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். ஊர் வாயில் நிலைத்த ஒலியை அவர் தொடவில்லை. எழுத்தை மட்டும் மாற்றினார். 'லியூ' என்ற குடும்பப் பெயரின் இடத்தில் அதே உச்சரிப்புக் கொண்ட இன்னொரு 'லியூ'. இதன் பொருள் 'தங்கு', 'நின்றுபோ', 'எஞ்சியிரு'. சுற்றிலும் எல்லாம் எரிந்த பின் எஞ்சிய தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்? லியூ வீட்டுத் தோட்டம் ஒரு பேனா வீச்சில் தங்கும் தோட்டம் ஆனது.

பெயர் பலித்தது என்று சொல்ல முடியாது. ஷெங் காங்கின் மகன் ஷெங் ஷுவான்ஹுவாய், சிங் அரசின் கடைசிக் காலத்தில் ரயிலுக்கும் தபாலுக்கும் பொறுப்பான அமைச்சர். 1911-ல் தனியார் ரயில் பாதைத் திட்டங்களை அரசுடைமையாக்கும் முடிவுக்குப் பின்னால் இருந்தவர். அந்த முடிவு சிச்சுவானில் கிளப்பிய கொந்தளிப்பு, அதே ஆண்டு வெடித்த புரட்சிக்குத் திரி கிள்ளியது. முடியாட்சி கவிழ்ந்தது. அமைச்சர் ஜப்பானுக்குத் தப்பி ஓடினார். தோட்டம் நாதியற்றுப் போனது.

லாயமும் புதரும்

1937 நவம்பரில் ஜப்பானியப் படை சூஜோவைப் பிடித்தது. போர் முடிந்ததும் தேசியவாதிகளின் படை வந்தது. கொடிதான் மாறியது. சிப்பாய்க்குத் தங்க இடம் வேண்டும், குதிரைக்குக் கூரை வேண்டும் என்ற கணக்கு மாறவில்லை. மண்டபங்களில் குதிரைகள் நின்றன. ஜன்னல்களும் கதவுகளும் மேஜை நாற்காலிகளும் போன இடம் தெரியவில்லை. கூரைகள் சரிந்தன. 1949-ல் மக்கள் குடியரசு உருவானபோது தோட்டம் என்று சொல்ல அங்கே மிஞ்சியது சுவர்களும் பாறைகளும் குளமும் மட்டுமே.

சீனத் தோட்டம் மற்ற நினைவுச் சின்னங்களைவிட வேகமாகச் செத்துப்போகக் கூடியது. கல் கோயில் நூறாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் கல்லாகவே இருக்கும். மரத்தூண், ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், மண் கரைக்குளம் என்றிருக்கும் தோட்டத்துக்கு இருபது வருட அலட்சியம் போதும். ஓடு ஒன்று நழுவினால் நீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் உளுத்தால் கூரை தாழும். மூங்கிலோ ஒரே மழைக்காலத்தில் தரையைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடும்.

பழைய கதவுகளைத் தேடி

1953-ல் சூஜோ நகர நிர்வாகம் தோட்டங்களைச் சீர்செய்ய ஒரு குழு அமைத்தது. முன்னின்றவர் ஷியே ஷியாவோஸி என்ற ஓவியர். குழுவில் பொறியாளர்களைவிடக் கலைஞர்களும் எழுத்தாளர்களுமே பெயர் பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் ஜோ ஷோஜுவான். ஒரு காலத்தில் ஷாங்காய் பத்திரிகைகளில் காதல் கதைகளால் வாசகர்களை அழவைத்தவர். ஐரோப்பிய, அமெரிக்கச் சிறுகதைகளை மொழிபெயர்த்து 1917-ல் அவர் வெளியிட்ட தொகுப்பை லூ சுன்னே பாராட்டியிருந்தார். பின்னாளில் பேனாவைவிடக் கத்தரிக்கோலை அதிகம் பிடித்தார். தொட்டியில் மலையையும் மரத்தையும் வளர்க்கும் பென்ஜிங் கலையில் நாடே அறிந்த பெயர் அவருடையது. ஆலோசனை சொல்லக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் லியூ துன்ஜெனும் சென் சோங்ஜோவும் இருந்தார்கள்.

பணம் குறைவு. நேரமும் குறைவு. புதிதாக நான்மு மரம் வாங்குவது கனவிலும் நடக்காது. குழு எடுத்த வழி எளியது. புத்திசாலித்தனமானதும்கூட. சூஜோ முழுக்கப் பழைய பெரிய வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. அவற்றின் கதவுகள், செதுக்குவேலை செய்த ஜன்னல்கள், மரத் தடுப்புகள், மேஜை நாற்காலிகளை மலிவாக வாங்கிச் சேர்த்தார்கள். பழைய பொருள், பழைய கைவேலை, அதே ஊர்ப் பாணி. தச்சர்கள் அவற்றை அளந்து, வெட்டி, பொருத்தினார்கள். கடிபட்ட தூண்கள் செப்பனிடப்பட்டன. 1954 ஜனவரி 1 அன்று லியூ யுவான் திறக்கப்பட்டது.

ஆக, இன்று ஒரு வெளிநாட்டுப் பயணி 'மிங் காலத்துத் தோட்டம்' என்று வியந்து படம் பிடிக்கும் ஜன்னல், யாரோ ஒரு பட்டு வியாபாரியின் வீட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். அவர் உட்காராதே என்ற பலகைக்குப் பின்னால் பார்க்கும் நாற்காலி, ஷெங் குடும்பத்தார் யாரும் உட்காராத நாற்காலியாக இருக்கலாம்.

இந்த வேலையைச் செய்த கைகளுக்கும் ஒரு பரம்பரை உண்டு. சூஜோவுக்கு அருகே தாய் ஏரிக் கரையில் உள்ள ஷியாங்ஷான் பகுதி, தச்சர்களும் கொத்தனார்களும் நிறைந்தது. பெய்ஜிங்கின் அரண்மனை கட்டிய தச்சர் என்று கொண்டாடப்படும் குவாய் ஷியாங் இந்த ஊர்க்காரர். ஆணி இல்லாமல் மரத்தை மரத்தில் கோக்கும் முறை, மூலைகளில் பறவைச் சிறகுபோல் மேலே வளையும் கூரை, உடைந்த ஓட்டையும் பீங்கானையும் கூழாங்கல்லையும் பதித்துத் தரையில் கொக்கும் மீனும் வரையும் வேலை, எல்லாம் தந்தையிடமிருந்தோ குருவிடமிருந்தோ வாய்வழியாக வந்தவை. பரம்பரைத் தச்சரான யாவோ செங்சு இந்த அறிவைப் புத்தகமாக்கினார். 1938-ல் அவர் இறந்து இருபத்தோரு ஆண்டுகள் கழித்தே, 1959-ல், அது அச்சேறியது. மரச்சட்டகக் கட்டடம் எழுப்பும் சீனக் கைத்திறனை 2009-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

காகிதத்தில் தப்பியவை

தோட்டத்தை மீட்க முதலில் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். இங்கேதான் காகிதம் உதவியது. அந்தக் காகிதமும் சும்மா வந்துவிடவில்லை.

சீனாவில் தோட்டக்கலைக்கென்றே எழுதப்பட்ட முதல் முழு நூல் 'யுவான் யே'. சூஜோ பக்கத்துக்காரரான ஜி செங் 1631-ல் எழுதியது. 1634-ல் அச்சானது. முன்னுரை எழுதியவரும் அச்சுக்கு உதவியவரும் அன்றைய அரசியலில் ஊரே வெறுத்த ஒருவர். அந்தக் கறை நூலின் மேலும் படிந்தது. சிங் ஆட்சியில் சீனா அதை ஏறக்குறைய மறந்தே போனது. பிரதிகளைப் பாதுகாத்து வைத்திருந்தது ஜப்பான். அங்கிருந்து மீண்டு வந்து 1930களின் தொடக்கத்தில் சீனாவில் மறுபதிப்பானது. தோட்டம் எப்படிப் போடுவது என்ற சீன அறிவை ஜப்பானிய நூலகங்கள் காப்பாற்றிக் கொடுத்தன. சில ஆண்டுகளில் அதே ஜப்பானின் ராணுவம் தோட்டங்களுக்குள் புகுந்தது.

போர் வருவதற்குச் சற்று முன்னால், ஷாங்காயில் தொழில் செய்துகொண்டிருந்த துங் ஜுன் என்ற கட்டடக் கலைஞர் ஓய்வு நாட்களில் சூஜோ, யாங்ஜோ என்று சுற்றித் தோட்டங்களைத் தனி ஆளாக அளந்தார், படம் பிடித்தார். 1937-ல் நூல் தயார். போர் குறுக்கிட்டது. பாதுகாப்புக்காக தியென்ஜினில் ஒரு வங்கியில் வைக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை 1939-ல் வெள்ளம் நனைத்தது. நூல் வெளிவந்தது 1963-ல். 1956-ல் சென் சோங்ஜோ சூஜோ தோட்டங்களைப் பற்றிய படநூல் வெளியிட்டார். படங்களுக்குத் தலைப்பாகப் பழைய சோங் காலப் பாடல் வரிகளைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். லியூ துன்ஜென் மாணவர்களுடன் வீடு வீடாகச் சென்று எடுத்த அளவுகள், பெரிய நூலாக வந்தது 1979-ல். அவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1968-ல்தான் அவர் இறந்தார். தோட்டங்களை மீட்ட தலைமுறைக்கு அது கொடிய ஆண்டு. கலாச்சாரப் புரட்சியின் துன்புறுத்தலுக்கு ஆளான ஜோ ஷோஜுவான், அதே ஆண்டு ஆகஸ்டில் சூஜோவில் தன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். ஊர்த் தோட்டங்களைக் காப்பாற்றியவருக்குத் தன் தோட்டத்தில் காப்பு இல்லை.

நடந்தால்தான் தெரியும்

லியூ யுவானைப் படத்தில் பார்த்து ஏமாறலாம். ஒரு குளம், நாலு மண்டபம், கொஞ்சம் பாறை. நடந்தால் கதை வேறு. தெருவாசலைத் தாண்டியதும் எதிர்பார்த்த தோட்டம் வராது. ஐம்பது மீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான, அரையிருட்டான வழி வரும். இடையிடையே மேலே திறந்த குட்டி முற்றத்திலிருந்து வெளிச்சம் விழும். கடைசியில் ஒரு சுவர். அதில் வெவ்வேறு வடிவில் ஆறு ஜாலி ஜன்னல்கள். அவற்றின் துளைகள் வழியே பச்சையும் தண்ணீரும் துண்டு துண்டாகத் தெரியும். இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் குளம் முழுசாகத் திறந்துகொள்ளும். இருட்டில் பழகிய கண்ணுக்கு அந்தச் சின்னக் குளம் ஏரிபோல் படுகிறது.

தோட்டம் முழுக்க இந்தத் தந்திரம்தான். மொத்தம் சுமார் 700 மீட்டர் நீளத் தாழ்வாரங்கள் ஒரு இடத்திலும் நேராகப் போவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பார்வை மாறுகிறது. சுவரில் ஒரு சதுரத் திறப்பு. அதற்குப் பின்னால் ஒரு பாறையும் மூங்கில் கொத்தும். சட்டமிட்ட ஓவியம் என்று நினைத்து நெருங்கினால் மூங்கில் அசைகிறது. பத்து நிமிடத்தில் கடந்துவிடக் கூடிய இடத்தில் இரண்டு மணி நேரம் போன பிறகும் இன்னும் பாக்கி இருப்பதாகத் தோன்றும்.

கண்ணுக்கு மட்டுமல்ல விருந்து. குளத்துக்கு மேலே உள்ள குன்றில் ஒரு சிறு மண்டபம் குய்ஹுவா பூவின் மணத்துக்காகவே கட்டப்பட்டது. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் அந்த மஞ்சள் பூ மலர்ந்தால் மணம் சுவர் தாண்டும். ஜோஜெங் யுவானில் மழையைக் கேட்பதற்கென்று ஒரு மண்டபம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வாழை நட்டிருக்கிறார்கள். நாம் இலைக்கும் பழத்துக்கும் வைக்கும் வாழையை அவர்கள் சத்தத்துக்காக வைத்திருக்கிறார்கள். வாழை இலையில் மழை விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இதில் விளக்க எதுவுமில்லை. அதே தோட்டத்தில் இன்னொரு மண்டபத்துக்கு எதிரே, காய்ந்துபோன தாமரை இலைகளை வெட்டி எடுக்காமல் விட்டுவைக்கும் மரபு. சருகின் மேல் விழும் மழைக்கு வேறு ஸ்வரம்.

சீரமைப்பவருக்கு இவை பெரிய தலைவலி. தூணை அளக்கலாம். ஓட்டை எண்ணலாம். வாழை எந்த ஜன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தால் ஓசை சரியாகக் கேட்கும் என்பதை எந்த வரைபடத்தில் தேடுவது?

செத்த மரம், வாழும் பெயர்

லியூ யுவானின் இருண்ட வழி முடியும் இடத்தில் ஒரு குட்டி முற்றம். சுவரில் பெயர்ப்பலகை: பின்னிய கிளைகளோடு முதுமரங்கள் என்று பொருள். ஒரு கிழட்டு சைப்ரஸும் ஒரு பிரிவெட் மரமும் தண்டோடு தண்டு பின்னி நின்றதால் வந்த பெயர். இரண்டும் செத்துப்போயின. இப்போது அங்கே நிற்பவை பின்னால் நட்ட சைப்ரஸும் கமேலியாவும். மரங்கள் இளையவை, பின்னவும் இல்லை. பெயர் அப்படியே இருக்கிறது. அது பொய்யா, காத்திருப்பா?

பாறைகளிலும் இதே கதை. லியூ யுவானின் பெருமை, 6.5 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கும் குவான்யுன் சிகரம், மேகமுடிப் பாறை. தாய் ஏரியில் தண்ணீர் அரித்த சுண்ணாம்புக்கல். மெலிவு, சுருக்கம், ஓட்டை, ஊடுருவும் ஒளி என்று நல்ல பாறைக்குச் சீனர்கள் வைத்த நாலு இலக்கணமும் இதற்குப் பொருந்தும். பாறைப் பித்தால் நாட்டையே இழந்த சோங் பேரரசர் ஹுய்சோங்குக்காகச் சேர்க்கப்பட்டு, போய்ச் சேராமல் நின்றுவிட்ட கல் என்று சொல்வார்கள். இதற்குத் துணையாக நிற்கும் இரண்டில் ஒன்றின் பெயர் ருய்யுன் சிகரம். ஆனால் அசல் ருய்யுன் இங்கே இல்லை. ஷூ தாய்ஷியின் தோட்டத்தில் இருந்த அந்தக் கல்லை, பேரரசர் சியென்லோங்கின் வருகைக்காக 1779-ல் நகரத்துக்குள் இருந்த அரசுப் பட்டு நெசவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடம் இப்போது ஒரு பள்ளிக்கூடம். உலகப் புகழ்பெற்ற பாறை ஒன்றைக் கடந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள். லியூ யுவானில் நிற்பது பிற்காலத்தில் அதே பெயர் சூட்டப்பட்ட வேறு கல்.

ஐரோப்பாவில் வளர்ந்த பாதுகாப்புக் கொள்கைக்கு இதெல்லாம் உறுத்தும். 1964-ன் வெனிஸ் சாசனம் அசல் பொருளுக்கு மரியாதை கேட்கிறது. ஊகத்தில் கட்டாதே என்கிறது. கல் கட்டடத்துக்கு அது சரி. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மரத்தை மாற்றியே உயிர்வாழும் கட்டடத்துக்கு? வளர்ந்து, வயதாகி, சாகிற மரத்துக்கு? இந்தக் கேள்விகளின் அழுத்தத்தில்தான் 1994-ல் ஜப்பானின் நாராவில் கூடிய நிபுணர்கள், அசல் எது என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றே தீர்மானிக்க வேண்டும் என்ற உடன்பாட்டுக்கு வந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து சூஜோ தோட்டங்கள் பட்டியலில் ஏறின. 2000-ல் இன்னும் ஐந்து தோட்டங்கள் சேர்ந்து எண்ணிக்கை ஒன்பது ஆயிற்று.

அதற்காக, எதை வேண்டுமானாலும் கட்டிவிட்டு அசல் என்று சொல்லிவிடலாம் என்று அர்த்தமில்லை. 1953-ன் குழுவுக்குத் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்த கண்கள் இருந்தன. தகப்பன் வேலையைச் செய்த கைகள் இருந்தன. அளவெடுத்த காகிதம் இருந்தது. மூன்றில் எது குறைந்தாலும் சீரமைப்பு சினிமா செட் ஆகிவிடும்.

நியூயார்க்குக்குப் போன முற்றம்

அந்தக் கைகளுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து வேலை வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடம் சீன மரச்சாமான்களை வைக்க ஒரு சீன முற்றம் கேட்டது. சென் சோங்ஜோ 1978-ல் அங்கே போய் ஆலோசனை சொன்னார். சூஜோவின் வாங்ஷி யுவான் தோட்டத்தில் உள்ள ஒரு சிறு முற்றம் முன்மாதிரி ஆனது. முதலில் சூஜோவில் முழு அளவில் ஒரு மாதிரியைக் கட்டிப் பார்த்தார்கள். ஓட்டுக்கும் செங்கல்லுக்கும், மூடிக்கிடந்த பழைய அரசுச் சூளையைத் திறந்தார்கள். தூண்களுக்கு நான்மு மரம் தேடிப் பிடித்தார்கள். 27 கைவினைஞர்களும் பொறியாளர்களும் நியூயார்க் சென்று கட்டினார்கள். 1981-ல் ஆஸ்டர் முற்றம் திறக்கப்பட்டது.

இதன் லாபம் சூஜோவுக்குத்தான். கலாச்சாரப் புரட்சியில் சும்மா இருந்த உளிகளுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. வயதானவர்கள் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு காரணம் கிடைத்தது. 1986-ல் கனடாவின் வான்கூவர், 2000-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் என்று சூஜோத் தச்சர்களின் தோட்டங்கள் கடல் கடந்தன.

கூட்டத்தில் தனிமை

வானத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சீனத் தோட்டம் தன் சுவருக்கு வெளியே உள்ளதையும் கடன் வாங்கும். ஜோஜெங் யுவானின் குளத்து ஓரத்தில் நின்றால் மரங்களுக்கு மேலே வடக்குக் கோயிலின் கோபுரம், தோட்டத்துக்குள்ளேயே நிற்பதுபோல் தெரியும். இடையில் ஓர் அடுக்குமாடி எழுந்தால் கதை முடிந்தது. பழைய நகர எல்லைக்குள் கட்டடங்கள் 24 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சூஜோ கட்டுப்பாடு விதித்திருக்கிறது. வானளாவிகள் நகரத்துக்கு வெளியே கிழக்கிலும் மேற்கிலும் எழுந்தன. ஒரு காட்சிக்காக ஒரு நகரம் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டது.

கூட்டத்தைத்தான் குறைக்க முடியவில்லை. ஒரு குடும்பமும் பத்துப் பன்னிரண்டு நண்பர்களும் உலவுவதற்கு அமைத்த தாழ்வாரத்தில் இன்று கொடி பிடித்த வழிகாட்டிகள், ஒலிபெருக்கி, கைபேசித் தாங்கிக் கம்புகள். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையில் குய்ஹுவா மணத்தைவிட மனித வாசனை தூக்கல். டிக்கெட் எண்ணிக்கைக்கு வரம்பு, முன்பதிவு என்று சமாளிக்கிறார்கள். உடைந்த ஓட்டில் கொக்கு வரைந்த தரை லட்சக்கணக்கான செருப்புகளில் தேய்கிறது. ஆண்டுதோறும் எங்காவது ஒரு பகுதியை அடைத்து வேலை நடக்கிறது. சீரமைப்பு 1954-ல் முடிந்த விஷயமல்ல. அது தோட்டத்தின் அன்றாட மூச்சு.

ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. நானூறு ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தச் சுவர்களுக்குள் நுழைய அதிகாரியாகவோ அவருடைய விருந்தாளியாகவோ இருக்க வேண்டியிருந்தது. இன்று டிக்கெட் வாங்கும் யாரும் நுழையலாம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். எழுத்தாளர் யே ஷெங்தாவ் இந்தத் தோட்டங்களைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வரும் அவர்கள், படித்த ஜன்னலைத் தேடுகிறார்கள். எல்லாருக்கும் கிடைக்கும்போது தனிமை போய்விடுகிறது. தனிமை இருந்த காலத்தில் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் தச்சர் இன்னும் பிறக்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் வாசல் திறந்ததும் முதல் ஆளாக நுழைகிறார்கள். மழை நாளில் குடையோடு வருகிறார்கள். அப்போது குளத்தோரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. குட்டி முற்றத்தில், பின்னாத இரண்டு மரங்களின் இலைகளில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். கமேலியா சாவகாசமாக வளரும் மரம். சைப்ரஸ் அதைவிடச் சாவகாசம். இரண்டின் கிளைகளும் ஒன்றையொன்று தொட இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆகலாம். சுவரில் இருக்கும் பெயருக்கு அவசரமில்லை.